பிள்ளைச் செலவும் முதுமைச் சேமிப்பும்: ரெட்டிபாளையம் வட்டாரத்தின் இரு கணக்குகள்

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையம் இன்று சிமெண்ட் ஆலையின் பெயரோடு சேர்த்தே அறியப்படும் ஊர். தரணி சிமெண்ட்ஸ் நிறுவனத்திடமிருந்த ஆலையை 1998-இல் கிராசிம் நிறுவனம் வாங்கியது. 2010-இல் அது அல்ட்ராடெக் நிறுவனத்தின் ஆலையாயிற்று. சுண்ணாம்புக்கல்லை நம்பி எழுந்த இந்தத் தொழில், நிலத்தையும் கூலியையும் மாற்றியதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளை ஆளாக்கும் செலவு, தள்ளாத வயதுக்கான சேமிப்பு ஆகிய இரண்டு கணக்குகளையும் அது ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்ததும், பிரிந்த பின்னும் ஒன்று மற்றொன்றைத் தின்றுகொண்டே வந்ததும் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை.

ஆலைகளுக்கு முந்தைய காலத்தில் இவை இரண்டும் ஒரே கணக்காகவே இருந்தன. கம்பு, சோளம், வரகு, நிலக்கடலை, பருத்தி என்று மழையை நம்பி விளைந்த மானாவாரி நிலங்களில், ஆடு மாடு மேய்ப்பதும் களை பறிப்பதும் பருத்தி எடுப்பதும் பெரும்பாலும் சிறுவர் சிறுமியர் கைவேலையாக இருந்ததால், பிள்ளை தின்ற சோற்றுக்கான உழைப்பைப் பத்து வயதுக்குள்ளாகவே தரத் தொடங்கிவிடும். கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்ற ஒரு பிள்ளை வேண்டும் என்ற பேச்சு, பாசத்தைச் சொன்ன அளவுக்குப் பொருளாதாரத்தையும் சொன்னது. நிலமுள்ள குடும்பத்தில் பட்டா தந்தை பெயரில் இருக்கும் வரை மகன்களின் கவனிப்பு ஓரளவு உறுதியாயிருந்தது. நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கு அந்தப் பிடிமானமும் இல்லாததால் முதுமை அவர்களையே கடுமையாக வாட்டியது.

இந்த ஏற்பாட்டுக்கு மாற்று ஒன்று இருக்க முடியும் என்பதை இவ்வட்டாரத்துக்கு முதலில் காட்டியது ஆலைச் சம்பளம். இன்றைய அரியலூரும் பெரம்பலூரும் அன்றைய திருச்சி மாவட்டத்தில் அடங்கியிருந்தபோது, 1939-இல் டால்மியாபுரத்தில் சிமெண்ட் ஆலை தொடங்கப்பட்டது. விடுதலைக்குப் பின் 1952-இல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் இயற்றப்பட்டபோது, அது முதலில் பொருந்திய ஆறு தொழில்களுள் சிமெண்டும் ஒன்று. நெசவு, இரும்பு உருக்கு, காகிதம், சிகரெட், பொறியியல் பொருள்கள் ஆகியவை மற்ற ஐந்து. மக்கள் வழக்கில் பி.எஃப். எனப்படும் இந்த நிதிக்குத் தொழிலாளியின் ஊதியத்தில் 6.25 விழுக்காட்டைப் பிடித்து, அதே அளவை முதலாளியும் செலுத்த வேண்டும் என்பது தொடக்கக் கால விதி. இன்று அது பொதுவாகப் பக்கத்துக்கு 12 விழுக்காடு. பிள்ளையைச் சாராத முதுமைச் சேமிப்பு, அதுவும் கைக்கு வருமுன்பே பிடிக்கப்படும் சேமிப்பு, அரசு ஊழியர் அல்லாத ஒருவருக்கும் உண்டு என்னும் நிலை இவ்வாறு உருவாயிற்று. 1979-இல் அரியலூரில் அரசின் டான்செம் ஆலையும், பின்னர் ரெட்டிபாளையம் உள்ளிட்ட ஊர்களில் தனியார் ஆலைகளும் வந்தபோது இந்த வழக்கம் வட்டாரமெங்கும் பரவியது.

மறுபுறம், பள்ளிக்கூடம் பரவப் பரவப் பிள்ளை உழைத்துத் தருவது குறைந்து, அதற்காகும் செலவு கூடியது. அந்தச் செலவில் பெரும் பகுதியை அரசு படிப்படியாக ஏற்றுக்கொண்டது தமிழ்நாட்டின் தனிச் சிறப்பு. சென்னை மாநகராட்சி 1920-இல் ஒரு பள்ளியில் தொடங்கிய மதிய உணவை, 1956-இல் காமராசர் மாநிலத்தின் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கினார். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் அதன் அண்மைய கட்டம். இலவசப் பாடநூல், சீருடை, மிதிவண்டி, பேருந்துப் பயணச் சலுகை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், கூலிக் குடும்பம் ஒன்றின் மாதச் செலவில் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்பதை எளிதில் உணரலாம். 1983-இல் முதியோர் உதவித்தொகை பெறுவோரையும் சத்துணவுத் திட்டத்தில் சேர்த்தபோது, பேரனுக்கும் பாட்டிக்கும் ஒரே அடுப்பில் சோறு வெந்தது. குடும்பத்தின் இரு பாரங்களையும் அரசு ஒருசேரத் தாங்கிய அரிய தருணம் அது.

அந்த உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கி, 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஆதரவற்ற முதியோருக்கானது என்பதே அதன் அடிப்படை. காப்பாற்றப் பிள்ளையில்லாத இடத்தில்தான் அரசு வரும் என்ற பழைய எண்ணம் அதற்குள் பொதிந்திருந்தது. பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெற வழிசெய்த 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே எண்ணத்தின் நீட்சிதான்.

ஆலைக்கும் அரசுக்கும் வெளியே, ஊருக்குள் இயங்கிய சேமிப்பு முறைகளுள் ஏலச் சீட்டு முதன்மையானது. இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை எடுத்துக்கொண்டால் அதன் இயக்கம் விளங்கும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பணமுடை வந்த ஒருவர் 20,000 ரூபாய் தள்ளிச் சீட்டை எடுக்கிறார். அவர் கைக்கு 80,000 வருகிறது. தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போக, மீதி 15,000 இருபது பேருக்கும் ஆளுக்கு 750 ரூபாயாகப் பிரிகிறது. அவசரமில்லாமல் கடைசி வரை காத்திருப்பவர், மாதந்தோறும் கழிவு பெற்றுக் குறைவாகக் கட்டி, முடிவில் ஏறக்குறைய முழுத் தொகையையும் எடுத்துவிடுகிறார். இளம் பெற்றோர் பள்ளிக் கட்டணத்துக்காக விட்டுக்கொடுப்பது, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்ட மூத்தவரின் சேமிப்புக்கு வட்டியாகிறது; வயது ஏற ஏற அதே மனிதர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்கிறார். நடத்துபவர் ஊரைவிட்டு ஓடிவிட்டால் இந்த ஏற்பாடு முழுவதும் குலைந்துவிடும் என்பதால்தான் 1961-இல் தமிழ்நாட்டுச் சட்டமும் 1982-இல் மத்தியச் சட்டமும் வந்தன. காதணி விழாவிலும் திருமணத்திலும் நோட்டில் பெயரோடு எழுதப்படும் மொய், வட்டியில்லாக் கடனாக இதே வேலையைச் செய்தது. 1989-இல் தருமபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழு, சேமிப்பைப் பெண்களின் பெயருக்குக் கொண்டுவந்தது.

இத்தனை வழிகள் இருந்தும், பிள்ளைக்கான செலவு முதுமைக்கான சேமிப்பைத் தின்பது நிற்கவில்லை. சட்டமே அதற்கு வாசல் வைத்திருந்தது. ஏழு ஆண்டு உறுப்பினராக இருந்த தொழிலாளி, பிள்ளைகளின் திருமணத்துக்கோ பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கோ, தன் பங்கிலும் அதன் வட்டியிலும் பாதி வரை, திருப்பிச் செலுத்த வேண்டாத முன்பணமாக மும்முறை எடுக்கலாம் என்று பி.எஃப். விதி அனுமதித்தது. மகளின் நகைக்கும் மகனின் பொறியியல் கல்லூரிக் கட்டணத்துக்கும் இவ்வாறு எடுத்தவர், எஞ்சிய தொகையோடு 58 வயதில் ஆலையைவிட்டு வெளியே வந்தார். 1995-இல் வந்த ஓய்வூதியத் திட்டம், முதலாளியின் பங்கிலிருந்து 8.33 விழுக்காட்டைத் தனியே பிரித்து வைத்ததால் அந்தப் பகுதி மட்டும் தப்பியது. ஆனால் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டால், 35 ஆண்டுப் பணிக்கும் ஓய்வூதியம் மாதம் 7,500 ரூபாய் அளவில்தான் நிற்கிறது; 2014-இல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சமோ 1,000 ரூபாய்.

வருங்கால வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு 2025 அக்டோபரில் எடுத்த முடிவு இந்த வரலாற்றின் இரு முனைகளையும் காட்டுகிறது. படிப்புக்குப் பத்து முறை, திருமணத்துக்கு ஐந்து முறை என்று எடுக்கும் வாய்ப்பை அது பெருக்கியது. அதே மூச்சில், செலுத்திய தொகையில் 25 விழுக்காடு கணக்கில் இருந்தாக வேண்டும் என்றும் வரம்பு கட்டியது. பிள்ளைச் செலவைக் குறைத்ததில் குடும்பச் சிக்கனத்தைவிடப் பள்ளிச் சத்துணவும் இலவசக் கல்வியுமே பெரிதும் உதவின என்பதும், முதுமைச் சேமிப்பைக் காத்ததில் மன உறுதியைவிடக் கைவைக்க முடியாத பூட்டே பெரிதும் உதவியது என்பதும் இவ்வட்டாரத்தின் எழுபது ஆண்டு அனுபவம் தரும் தீர்ப்பு. பூட்டப்பட்ட பங்கு கால்வாசிதான் என்பதால், மீதி முக்கால் பங்கின் கதி இன்றும் பிள்ளைகளின் கையில்தான் இருக்கிறது.