அட்டப்பாடி: களியிலிருந்து ரேஷன் அரிசிக்கு

2013-இல் பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, தாய்மார்களுக்குச் சத்துணவு பற்றிய விழிப்புணர்வு இல்லை என்ற விளக்கம் எளிதில் கிடைத்தது. இவ்விளக்கம் வரலாற்றைத் தலைகீழாக நிறுத்துகிறது. எதை உண்பது என்பதை இருளரும் முடுகரும் குறும்பரும் அறிந்தே இருந்தனர். அதை விளைவிக்கும் நிலம்தான் கைவிட்டுப் போயிருந்தது.

அவர்களது பழைய வேளாண்மை பஞ்சக்காடு எனப்பட்டது. மலைச்சரிவில் இடம் மாற்றிச் செய்யும் கலப்புச் சாகுபடி அது. ராகி, சாமை, தினை ஆகியவற்றின் ஊடே துவரையும் அவரையும் வளர்ந்தன. பிறர் களையென்று பிடுங்கி எறியும் கீரைகள் பல அங்கே உணவாயின. தானியப் புரதத்தில் குறைவாக உள்ள லைசினை அக்காட்டுப் பருப்பே ஈடுசெய்தது. ஒரு வேளைக் களியும் துவரையும் கீரையும் சேர்ந்தால் அது ஏறத்தாழ நிறைவான உணவு.

1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடி மக்களில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2001-இல் பாதிக்கும் குறைவு. திருவிதாங்கூரிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் குடியேற்றம் பெருக, நிலம் கைமாறியது. பறிபோன நிலத்தை மீட்டுத்தர 1975-இல் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் வர 1986 ஆயிற்று. 1999-இல் வந்த புதிய சட்டமோ, இரண்டு எக்டேர் வரை வாங்கியவரிடமே நிலத்தை விட்டுவிட்டு, இழந்தவருக்கு மாற்றுநிலம் என்றது.

காடு சுருங்கிய இடத்தில் அரிசி வந்தது. 1966 ரேஷன் ஆணையைத் தொடர்ந்து வளர்ந்த கேரளப் பொதுவிநியோகம் பசியைத் தணித்த பெருஞ்சாதனை. அதை மறுப்பது நன்றிகேடு. ஆயினும் எல்லோருடைய தானியமும் அரிசியே என்று அது கருதிக்கொண்டது. 100 கிராம் ராகியில் கால்சியம் 350 மில்லிகிராம் அளவில் உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. நார்ச்சத்திலும் இரும்பிலும் அரிசி பல மடங்கு பின்தங்கியது. ராகியிலுள்ள ஃபைட்டேட் தாதுக்களின் உறிஞ்சுதலைக் குறைக்கும் என்பது மெய்தான். முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் அத்தடை தளரும். தானியத்தைவிடப் பெரிய இழப்பு, அதனோடு விளைந்த பருப்பும் கீரையும் போனது. அவற்றுக்கு ஈடாக ரேஷன் கடையில் எதுவும் வரவில்லை.

குழந்தை இறப்புகள் அனைத்தையும் உணவின் மேல் ஏற்றிவிட முடியாது. அரிவாளணு நோயும் மருத்துவமனைத் தொலைவும் அங்கே உள்ளன. ஆனால் இரத்தசோகையுள்ள தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு மிகுதி. அக்குழந்தை பிழைத்தாலும் கதை முடிவதில்லை. சி. எஸ். யாஜ்னிக் குழுவினர் 1993-இல் தொடங்கிய புணே தாய்மை ஊட்டச்சத்து ஆய்வு, எடை குறைந்து பிறக்கும் இந்தியக் குழந்தைகளின் உடலில் தசை குறைந்து கொழுப்பு தங்கியிருப்பதைக் காட்டியது. பிற்கால நீரிழிவுக்கு இடம்கொடுக்கும் உடலமைப்பு அது. அவ்வுடலுக்கு நாள்தோறும் வெள்ளரிசி மட்டுமே கிடைத்தால் என்னவாகும் என்பதை ஊகிக்க மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

இடுக்கி எல்லையில் வரலாறு வேறு வழியில் சென்றது. வட்டவடையில் யூக்கலிப்டசும் சந்தைக்கான காய்கறியும் நிலத்தைப் பிடித்தன. 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடியின் முதுவர்களிடம் ராகி இன்னும் முற்றாக மறையவில்லை.

அட்டப்பாடியில் 2013-க்குப் பின் சமூகச் சமையற்கூடங்களும், 2017-இல் சிறுதானியக் கிராமத் திட்டமும் வந்தன. 2022-இல் அட்டப்பாடித் துவரையும் ஆட்டுக்கொம்பு அவரையும் புவிசார் குறியீடு பெற்றன. அட்டப்பாடிச் சிறுதானியம் இன்று பொட்டலமாகி நகரச் சந்தைக்கும் வருகிறது. விளைவிப்போரின் அடுப்பில் அதில் எவ்வளவு வேகிறது என்பதை எந்தக் குறியீடும் சொல்வதில்லை.