நிற்றலும் நிறுத்தலும்: 1968 - கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் வகுப்புப் புறக்கணிப்புகள்

1

மாணவர்கள் வகுப்பை விட்டு வீதிக்கு வரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கும். 'படிக்கிற வயசுல இதெல்லாம் எதுக்கு?' என்பது ஒன்று. 'நம்ம வரிப்பணத்துல படிச்சிட்டு ரோட்டுல வந்து நிக்கிறானுங்க' என்பது மற்றொன்று. முன்னது ஒழுக்கத்தின் குரல். பின்னது கணக்கின் குரல். நாம் பெரும்பாலும் முன்னதோடுதான் மல்லுக்கு நிற்கிறோம். பின்னதை அறியாமை என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்க முடியாது என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

நான் படித்த ஊராட்சிப் பள்ளிக்கு அதிகாரி சோதனைக்கு வரும் நாளில், ஆடு மேய்க்கப் போன பையன்களையும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்த பெண்பிள்ளைகளையும் பெரிய வகுப்புப் பையன்களை அனுப்பிக் கூட்டிவருவார்கள். அன்றைக்கு எல்லோரும் 'உள்ளேன் ஐயா'. தலை எண்ணிக்கை குறைந்தால் ஒரு வாத்தியார் பணியிடம் போய்விடும் என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. மறுநாள் அந்தப் பிள்ளைகளை யாரும் தேடவில்லை. வருகைப் பதிவேடு தேடுவது எண்ணிக்கையைத்தான்.

இந்தச் சின்ன உண்மையை ஆயுதமாக்கியவர்கள் 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிக்க-அமெரிக்க மாணவர்கள். அவர்கள் கதை நம்மிடம் வெறும் 'அறுபத்தெட்டு' என்ற பெரும்பெயருக்குள் அடங்கிப்போனது. பாரிசின் மே மாதத்தைப் பற்றி நமது சிறுபத்திரிகைகள் எழுதிய அளவுக்கு, அதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்த இந்த மார்ச்சைப் பற்றி எழுதவில்லை. இவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள்கூட இல்லை. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள்.

2

கலிபோர்னியா 1848 வரை மெக்சிகோவின் பகுதி. போரில் தோற்ற மெக்சிகோ அதை விட்டுக்கொடுத்தது. நூற்றிருபது ஆண்டு கழித்து, அதே மண்ணில், பள்ளிக்கூட வளாகத்தில் ஸ்பானிஷ் பேசிய பிள்ளைக்கு அடி விழுந்துகொண்டிருந்தது. கார்பீல்ட், ரூஸ்வெல்ட், லிங்கன், வில்சன், பெல்மாண்ட் ஆகிய ஐந்து பள்ளிகள்தாம் போராட்டத்தின் களங்கள். இவற்றில் சிலவற்றில், சேர்ந்தவர்களில் பாதிப்பேர்கூடப் படிப்பை முடிப்பதில்லை. முடித்தவர்களும் மேற்படிப்புக்குப் போகும்படி சொல்லப்படவில்லை. ஆண்களுக்குப் பட்டறைத் தொழில், பெண்களுக்குத் தட்டெழுத்து.

லிங்கன் பள்ளியில் சமூக அறிவியல் நடத்திய ஆசிரியர் சால் காஸ்ட்ரோவும் கல்லூரி மாணவர்கள் சிலரும் பிள்ளைகளோடு சேர்ந்து திட்டமிட்டார்கள். ஆனால் வெடித்தது திட்டப்படியல்ல. மார்ச் 1 அன்று வில்சன் பள்ளியில் மாணவர்கள் தயாரித்திருந்த ஒரு நாடகத்தைத் தலைமையாசிரியர் நிறுத்தினார். பிள்ளைகள் வெளியே வந்துவிட்டார்கள். அடுத்த வாரத்தில் மற்றப் பள்ளிகளும் சேர்ந்துகொள்ள, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். வாசல்கள் பூட்டப்பட்டன. ரூஸ்வெல்ட்டில் போலீஸ் தடி பேசியது.

அவர்கள் கேட்டவற்றைப் பாருங்கள்: இருமொழிக் கல்வி, தங்கள் வரலாறு பாடத்தில், தங்கள் சமூகத்திலிருந்து ஆசிரியர்கள், அடி நிறுத்தப்பட வேண்டும். கூடவே, மதிய உணவு நேரத்தில் கழிப்பறையைப் பூட்டக்கூடாது. தண்டனை என்ற பெயரில் குப்பை பொறுக்க வைக்கக்கூடாது. வரலாறும் கழிப்பறைச் சாவியும் ஒரே பட்டியலில். புரட்சியைப் பெரிய எழுத்தில் மட்டும் வாசித்துப் பழகியவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அதிகாரம் உடம்பின் மீது எப்படி இறங்குகிறது என்பதை ஃபூக்கோவைப் படிக்காமலே அந்தப் பிள்ளைகள் அறிந்திருந்தார்கள். அவருடைய சிறைச்சாலை நூல் வெளிவந்ததே 1975இல்தான்.

3

இப்போது பதிவேட்டுக்கு வருவோம். கலிபோர்னியாவில் மாநில அரசு பள்ளிகளுக்குப் பணம் தருவது, சேர்ந்தவர் எண்ணிக்கையை வைத்து அல்ல, 'சராசரி நாள் வருகை'யை வைத்து. அன்றும் அப்படி, இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். இன்னொரு நுணுக்கமும் இருந்தது. 1990களின் கடைசிவரை, காய்ச்சலில் படுத்த பிள்ளையும் கணக்கில் வந்தவனாகவே எடுத்துக்கொள்ளப்பட்டான். தக்க காரணம் இல்லாமல் வராதவனுக்குத்தான் காசு வெட்டு. ஆக, போராட்டத்துக்காக வெளியேறிய ஒவ்வொரு பிள்ளையும் நிர்வாகத்துக்கு அன்றைய நஷ்டம். ஏற்பாடு செய்தவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. ஆலைத் தொழிலாளி உழைப்பை நிறுத்துகிறான். இவர்களிடம் நிறுத்துவதற்கு 'உள்ளேன்' என்ற ஒரு சொல்தான் இருந்தது. அதை நிறுத்தினார்கள்.

இங்கே இலக்கணம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பாதியில் பள்ளியை விட்ட பிள்ளையை நமது அரசு ஆவணங்கள் 'இடைநின்றவர்' என்கின்றன. நிற்றல் தன்வினை. நின்றது பிள்ளை, வினைமுதலும் அதுவே, குற்றமும் அதனுடையதே. நிறுத்தல் என்பது பிறவினை. அப்படிச் சொன்னால் 'நிறுத்தியது யார்?' என்ற கேள்வி வந்துவிடும். ஆங்கிலச் சொல்லும் இதே வேலையைத்தான் செய்கிறது: பழம்போல பிள்ளை தானே உதிர்கிறது, மரத்தை யாரும் உலுக்கவில்லை. பாதிப்பேரை மெல்ல உதிர்த்த பள்ளிமீது எந்தச் சட்டமும் பாயவில்லை. ஒரு வாரம் வெளியே நின்றவர்கள்மீது பாய்ந்தது. சத்தமில்லாத நிறுத்தல் நிர்வாகம். சத்தமுள்ள நிற்றல் சதி!

'சதி' என்பது என் மிகையல்ல. மே மாத இறுதியில் காஸ்ட்ரோ உட்பட 13 பேர் கைதானார்கள். பள்ளியின் அமைதியைக் குலைப்பது சட்டப்படி சிறிய குற்றம்; அதற்குச் 'சதி செய்தது' பெருங்குற்றம். காஸ்ட்ரோவின் வகுப்பு பறிக்கப்பட்டது. பெற்றோரும் மாணவரும் கல்வி வாரிய மன்றத்திலேயே ஒரு வாரம் உட்கார்ந்து அதைத் திரும்ப வாங்கினார்கள். வழக்கு 1970இல் பேச்சுரிமையின் பேரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. 2010இல் அதே லாஸ் ஏஞ்சலஸ் கல்வி நிர்வாகம் ஒரு பள்ளிக்குக் காஸ்ட்ரோவின் பெயரை வைத்தது. செத்த பிறகு சிலை என்பது நம்மூர் வழக்கம். அவர் 2013இல்தான் மறைந்தார் என்பதால் அந்தப் பெயர்ப்பலகையைக் கண்ணால் பார்க்கக் கொடுத்துவைத்தவர்.

4

கோரிக்கைகளுக்கு வாரியம் சொன்ன பதில் முக்கியமானது: பெரும்பாலானவற்றில் எங்களுக்கும் உடன்பாடுதான், ஆனால் பணமில்லை. சரி, பணம் எங்கே போனது?

அதே 1968இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ஜான் செரானோ என்ற தகப்பன் வழக்குப் போட்டார். உங்கள் மகன் நன்றாகப் படிக்க வேண்டுமானால் இந்தப் பகுதியை விட்டுப் போங்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. 1971இல் மாநில உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் வரும் கணக்கு இது. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்திலுள்ள பெவர்லி ஹில்ஸில் ஒரு மாணவருக்குப் பின்னால் இருந்த சொத்து மதிப்பு 50,885 டாலர். பால்ட்வின் பார்க்கில் 3,706. ஒவ்வொரு 100 டாலர் சொத்து மதிப்புக்கும் பெவர்லி ஹில்ஸ்காரர் கட்டிய பள்ளி வரி 2.38 டாலர், பால்ட்வின் பார்க்காரர் கட்டியது 5.48. ஒரு பிள்ளைக்குச் செலவழிக்க முடிந்தது அங்கே 1,231 டாலர், இங்கே 577.

இரண்டு மடங்குக்கும் மேலான விகிதத்தில் வரி கட்டியவருக்குப் பாதிக்கும் குறைவான பள்ளி. இந்த முறை செல்லாது என்றது நீதிமன்றம்.

அப்படியானால் நியாயமாக 'எங்க வரிப்பணம் என்னாச்சு?' என்று கேட்க வேண்டியவர் யார்? பால்ட்வின் பார்க்காரர்தானே. ஆனால் 'வரி செலுத்துவோர்' என்ற பெயரோடு வரலாற்றில் ஏறியவர்கள் வேறு ஆட்கள். வீட்டு விலை ஏற ஏற வரியும் ஏறிய எழுபதுகளில், ஹோவர்ட் ஜார்விஸ் தலைமையில் ஒரு வரி எதிர்ப்பு இயக்கம் எழுந்தது. 1978 ஜூனில் 'முன்மொழிவு 13' வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவானோர் அதை ஆதரித்தார்கள். சொத்து வரிக்கு ஒரு சதவீத உச்சவரம்பு. வீடு கைமாறாதவரை மதிப்பை ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் கூட்ட முடியாது. சொத்து வரி வருவாய் ஒரேயடியாகப் பாதிக்கு மேல் சரிந்தது. வரிப்பணம் நம் பிள்ளைக்கு மட்டும் என்றில்லாமல் எல்லாப் பிள்ளைக்கும் பிரியும் என்று செரானோ தீர்ப்பு ஆக்கியதுதான் இந்த வெறுப்புக்குக் காரணம் என்று வாதிடும் பொருளியலாளர் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஓய்வூதியத்தில் வாழ்ந்த கிழவர்கள் வரி கட்டமுடியாமல் வீட்டை இழக்க அஞ்சியது பொய்யல்ல. அந்த அச்சத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் அது வாங்கிக் கொடுத்த சலுகை பெருநிறுவனக் கட்டடங்களுக்கும் சேர்த்தே கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வரி எல்லோரும் கட்டுகிறார்கள். 'வரி செலுத்துவோர்' என்பது சிலர் மட்டும் ஏறிப் பேசும் மேடை. 1994இல் அந்த மேடையிலிருந்து அடுத்த அடி விழுந்தது. ஆவணமற்ற குடியேறிகளின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியை மறுக்கும் 'முன்மொழிவு 187' 59 சதவீத வாக்கில் வென்றது. அந்தக் குடியேறிகளும் வாடகை வழியாகவும் விற்பனை வரியாகவும் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். வாக்கெடுப்புக்கு முன்பு ஆயிரக்கணக்கான மாணவர்கள் மீண்டும் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். சட்டத்தை நீதிமன்றம் முடக்கியது.

5

ஆனால் பதிவேடு பழிவாங்காமல் விடுவதில்லை. 1995இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் பள்ளி நேரத்தில் பிள்ளைகள் தெருவில் இருப்பதைத் தடைசெய்தது. பிடிபட்டால் 250 டாலர் அபராதம். பஸ் தாமதமாகி ஓடிவந்த பிள்ளைக்கும் பள்ளி வாசலிலேயே சீட்டு கிழிக்கப்பட்டது. மாணவர் அமைப்புகள் போராடி 2012இல்தான் அபராதம் நீங்கியது. 2011 முதல், பத்தில் ஒரு நாளாவது காரணமின்றி வராத பிள்ளையின் பெற்றோருக்கு ஓராண்டுவரை சிறை என்று மாநிலச் சட்டம் வந்தது. அதை முன்னின்று ஆதரித்த கமலா ஹாரிஸ் 2019இல் அதன் விளைவுகளுக்காக வருந்தினார். வருத்தத்தைப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

2023 முதல் கலிபோர்னிய மாணவர், அரசியல் நிகழ்வில் கலந்துகொள்ள ஆண்டுக்கு ஒரு பள்ளி நாள் அனுமதியுடன் விடுப்பு எடுக்கலாம். நல்ல சட்டம்தான். 1968இல் சதி, இப்போது சலுகை. ஆனால் அந்த ஒரு நாளுக்கும் பள்ளிக்கு அரசுப் பணம் கிடையாது. ஒழுக்கத்தின் குரல் இறங்கி வந்துவிட்டது. கணக்கின் குரல் ஒரு காசுகூட இறங்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், வரிப்பணம் என்று யாராவது ஆரம்பித்தால் வாயை மூடச் சொல்லாதீர்கள். கணக்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள். யார் எவ்வளவு கட்டினார், எந்தப் பள்ளிக்குப் போனது, சேர்ந்தவரில் எத்தனை பேர் நிறுத்தப்பட்டார்கள் என்று வரிசையாகக் கேட்போம். நம் பங்குக்கு முதல் வேலையாக, 'இடைநின்றவர்' என்று எழுதுவதை நாம் நிறுத்துவோம்.