நுங்கம்பாக்கத்துக் கல்லும் பரங்கிமலைச் சங்கிலியும்

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் தமிழ்நாடு முழுக்க ஒரு முகவரி அடிபடத் தொடங்கிவிடும்: சென்னை, நுங்கம்பாக்கம், கல்லூரிச் சாலை, வானிலை ஆய்வு மையம். புயல் எங்கே கரையைக் கடக்கும், நாளைக்கு மழை எப்படி என்று கேட்டுத் தொலைக்காட்சி மைக்குகள் அங்கேதான் குவியும். மறுநாள் காலைப் பேப்பரில் நுங்கம்பாக்கத்தில் இத்தனை மில்லிமீட்டர், மீனம்பாக்கத்தில் இத்தனை என்று கணக்கு வரும். அதே வளாகத்துக்குள் சுமார் 15 அடி உயரத்தில், 10 டன் எடையில், ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. இந்தியா முழுவதற்கும் ஒரு காலத்தில் ரயில் நேரம் குறித்த இடம் அது. இந்தியாவின் வரைபடத்தைத் தொங்கவிட்ட ஆணியும் அதுதான்.

சென்னையின் பழைய அடையாளம் என்றால் கோட்டை, கோயில், சென்ட்ரல், கபாலீசுவரர் குளம் என்று பட்டியல் போடுவோம். ஆனால் இந்த ஊரில் வேலை பார்த்த கற்கள் என்று ஒரு தனி இனமே உண்டு. யாரையும் புகழ்வதற்காக அவை நடப்படவில்லை. நேரத்தையும் நிலத்தையும் கடலையும் ஊரின் எல்லையையும் அளப்பதற்கென்றே நட்டவை. இன்றைக்கும் அவற்றில் பல நின்ற இடத்தில் நிற்கின்றன. தினம் ஆயிரக்கணக்கானோர் அவற்றைத் தாண்டிப் போகிறார்கள்.

நுங்கம்பாக்கத்துத் தூணின் கதை எழும்பூரில் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-இல் தன் சொந்தச் செலவில், இரும்பும் மரமும் கொண்டு ஒரு சிறு வானாய்வுக் கூடம் கட்டினார். பிறகு அந்தக் கருவிகளைக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டார். கம்பெனிக்கு நட்சத்திரங்கள் மேல் திடீர்க் காதல் எதுவும் இல்லை. சோழமண்டலக் கரையில் அன்றைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நிற்க, மசூலா படகுகள்தான் ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. கரை எங்கே இருக்கிறது என்று கப்பல் தலைவனுக்குத் துல்லியமாகத் தெரியாவிட்டால் கப்பலும் போகும், சரக்கும் போகும். ஆகவே கடற்கரையை அளக்க வந்த மைக்கேல் டாப்பிங் வானாய்வுக் கூடத்துக்காக வாதாடினார். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. நட்சத்திரம் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைக் கணக்கிடும் கருவி கொஞ்சமும் அசையக்கூடாது என்பதால், அதைத் தாங்க ஒற்றைக் கருங்கல் தூண் நிறுத்தினார்கள். (இதே டாப்பிங் 1794-இல் எட்டு மாணவர்களை வைத்துத் தொடங்கிய சர்வே பள்ளிதான் வளர்ந்து வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி ஆகியிருக்கிறது.)

தூணில் லத்தீன், தமிழ், தெலுங்கு எழுத்துகள் எல்லாம் வெட்டப்பட்டிருக்கின்றன. கணித அறிவியலை ஆசியாவில் முதன்முதலில் ஊன்றியவர்கள் பிரிட்டிஷாரே என்பதை ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருபவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்பதே அதை வெட்டியவர்களின் நோக்கம். நோக்கம் பெரிது, செய்தி தவறு. அதற்குச் சாட்சி சொன்னவர் அதே வானாய்வுக் கூடத்தின் பொறுப்பில் சில காலம் இருந்த ஜான் வாரன்.

வாரன் பிற்காலத்தில் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். 1825-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துத் தரச் சொன்னார். அவர் காகிதம் எடுக்கவில்லை, எழுதுகோல் எடுக்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். இடத்துக்கு இடம் சோழிகளை மாற்றி வைத்துக்கொண்டே, தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாக வந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, கூட்டிக் கழித்து முடித்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்குக்கும் நடந்ததற்கும் வேறுபாடு நாலே நிமிடம். நடுக்கட்டத்திலும் முடிவிலும் பிசகு கூடியது. முடிவில் 52 நிமிடம் வரை போனது. அவருக்குக் கிரகணக் கோட்பாடு எதுவும் தெரியாது, கணக்கின் வழிமுறை மட்டுமே தெரியும் என்று வாரன் எழுதிவைத்தார். அந்தக் குறிப்பு உள்ள அவருடைய நூல், ‘கால சங்கலித’, அதே 1825-இல் சென்னையில் வெளிவந்தது. நூற்றாண்டு கடந்தபின் வானியல் வரலாற்றறிஞர் ஆட்டோ நியூகெபாவர் இந்தச் சோழிக் கணக்கைத் துருவி ஆராய்ந்து, அதன் எண்முறைகளில் பழைய பாபிலோனியக் கணக்கின் சாயல் இருப்பதைக் காட்டினார். கருங்கல்லில் வெட்டிய எழுத்தைவிடப் பழையது அந்த மனிதரின் நினைவில் இருந்தது.

அந்த மரபின் பிள்ளை ஒருவரே பின்னாளில் நுங்கம்பாக்கத்துத் தொலைநோக்கியின் முன்னும் உட்கார்ந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். வானாய்வுக் கூடத்தில் உதவியாளராக உயர்ந்து, 1867-இல் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874-இல் வெள்ளி சூரியனைக் குறுக்கே கடக்கும் காட்சி வரப்போகிறது என்றதும், அது என்ன, எப்படிப் பார்ப்பது என்று பொதுமக்களுக்கு விளக்கி, பல இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். பழைய வாக்கியக் கணக்கை வானத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும் என்று பஞ்சாங்கக்காரர்களோடு மல்லுக்கட்டியவரும் அவரே. அவர் பெயரில் சென்னையில் ஒரு பெரிய சாலை இருந்திருக்க வேண்டும்.

இனி நேரத்துக்கு வருவோம். ரயில் வந்தபோது ஊருக்கு ஒரு நேரம் இருந்தது. பம்பாய்க்காரர்களின் மணிக்கும் கல்கத்தாக்காரர்களின் மணிக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். இரண்டுக்கும் நடுவே இருந்தது சென்னை. வானாய்வுக் கூடம் இருந்ததால் தினமும் நட்சத்திரம் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தவும், தந்தியில் நேரம் அனுப்பவும் வசதி இருந்தது. அதனால் 1870 வாக்கில் இந்திய ரயில்கள் ‘மெட்ராஸ் டைம்’படி ஓடத் தொடங்கின. லாகூரில் ரயிலுக்குக் காத்திருந்தவரும் நுங்கம்பாக்கத்து நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னைவாசிகளுக்கு இரவு 8 மணிக்குக் கோட்டையில் வெடிக்கும் பீரங்கி நேரம் சொல்லியது. அந்தப் பீரங்கிக்கும் கணம் குறித்தது நுங்கம்பாக்கத்துக் கடிகாரமே. 1906 ஜனவரி 1 முதல் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முந்திய இந்தியத் திட்ட நேரம் வந்தது. சென்னைக் கடிகாரங்கள் ஏறக்குறைய 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. அதற்குள் வானியலாளர்களின் கருவிகள் பெரும்பாலும் கொடைக்கானல் மலைக்குப் போய்விட்டிருந்தன.

தூண் செய்த பெரிய வேலை இன்னொன்று. நாடு முழுவதையும் அளந்து வரைபடம் போட வேண்டுமானால், கிழக்கு மேற்காக எண்ணத் தொடங்க ஒரு புள்ளி வேண்டும். அந்தப் புள்ளியாகச் சென்னை வானாய்வுக் கூடத்தையே நில அளவைத் துறை எடுத்துக்கொண்டது. வியாழனின் துணைக்கோள்கள் மறைந்து தோன்றும் நேரத்தைப் பார்த்துக் கணித்த தீர்க்கரேகை அது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடலடித் தந்திக் கம்பி வழியாகக் கிரீன்விச்சோடு நேரடியாக நேரம் ஒப்பிட்டபோதுதான் விஷயம் வெளியானது: வரைபடங்களில் பயன்பட்ட சென்னையின் தீர்க்கரேகையில் சுமார் இரண்டரைக் கலை பிழை. நம் அட்சரேகையில் அது நாலு கிலோமீட்டருக்கு மேல். சென்னை மட்டுமல்ல, அதை வைத்து அளந்த இந்தியா மொத்தமும் அத்தனை தூரம் கிழக்கே தள்ளிப் படத்தில் கிடந்தது!

ஊர்களுக்கு இடையிலான அளவுகளில் மட்டும் பிழை மிக அரிது. அதற்குக் காரணம் பரங்கிமலையில் நடந்த வேலை.

1802 ஏப்ரல் 10. மயிலாப்பூருக்குத் தெற்கே அன்று வயலும் ஏரியும் பொட்டலுமாகக் கிடந்த சமவெளி. பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை, சுமார் ஏழரை மைல் நேர்கோடு. வில்லியம் லாம்ப்டன் அந்தக் கோட்டை 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். சங்கிலியில் 40 கம்பிகள், ஒவ்வொன்றும் இரண்டரை அடி. சீனப் பேரரசருக்கு அன்பளிப்பாகப் போய்த் திரும்பி வந்த கருவிகளில் அதுவும் ஒன்று. தரையில் இழுத்துப் போட்டால் மேடு பள்ளத்தில் அளவு கெடும். முக்காலிகள் நட்டு, அவற்றின்மேல் மரப்பெட்டிகளை மட்டம் பார்த்து வைத்து, பெட்டிக்குள் சங்கிலியைக் கிடத்தி எடை கட்டி விறைப்பாக இழுத்தார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் எஃகு நீளும் அல்லவா? மேலே கூடாரத் துணி பிடித்து நிழல் தந்து, பக்கத்தில் வெப்பமானி வைத்து, எத்தனை பாகை சூடோ அதற்கேற்ப நீளத்தைத் திருத்தினார்கள். சங்கிலியை அகற்றி, முக்காலியை நகர்த்தி, மறுபடி மட்டம் பார்த்து, மறுபடி கிடத்தி... ஏறக்குறைய 400 முறை. 57 நாள் ஆயிற்று.

அந்த ஒரு கோட்டை அடியாக வைத்து முக்கோணம் முக்கோணமாக நாட்டையே பின்னினார்கள். முதலில் மேற்குக் கரை வரை போனபோது, தீபகற்பத்தின் அகலம் பழைய படங்களில் இருந்ததைவிட ஏறத்தாழ 40 மைல் குறைந்தது. கோணம் பார்த்த தியோடலைட் அரை டன் எடை. அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் மடக்கி மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், என்னவென்று தெரிந்ததும் மரியாதையோடு அனுப்பிவைத்தார்கள். காவிரிச் சமவெளியில் மலை இல்லை, தென்னை மறைக்கிறது என்று கோயில் கோபுரங்களின் உச்சிக்கு அதை ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு தவறிக் கருவி சுவரில் மோதி உருக்குலைந்தது. லாம்ப்டன் ஆறு வாரம் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து, தன் கையாலேயே தட்டி நிமிர்த்தி அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். அவர் பெயர் நிலைத்தது. அந்த அரை டன்னைத் தோளில் சுமந்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. பரங்கிமலையில் இன்று லாம்ப்டனுக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. கோட்டின் மறுமுனைப் பக்கம் அடுக்குமாடிகளும் ஐ.டி. நிறுவனங்களும் நிறைந்துவிட்டன.

எல்லையை அளந்த கல்லைப் பார்க்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். பாரிமுனையில் பஸ்ஸைவிட்டு இறங்கினாலே போதும். பாரி கம்பெனியின் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி நடைபாதையோரம் ஒரு கூம்புத் தூண் இருக்கிறது. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை வந்து கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டையை ஒட்டியிருந்த கறுப்பர் நகரத்து வீடுகள் அந்தப் படைக்கு நல்ல மறைவிடமாயின. அந்தப் பாடம் கற்ற ஆங்கிலேயர், கோட்டைக்கு எதிரே பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாயும் வெட்டவெளி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். வீடு கட்டக்கூடாத அந்த நிலத்தின் விளிம்பைக் காட்ட 1773-இல் ஆறு தூண்கள் நட்டார்கள். மிஞ்சியது இந்த ஒன்றே. பழைய கறுப்பர் நகரம் இருந்த இடத்தில்தான் இப்போது உயர்நீதிமன்றம் நிற்கிறது. நெசவாளர்களும் துபாஷிகளும் குடியிருந்த தெருக்களோடு பட்டணம் கோயிலும் இடிக்கப்பட்டு, பூக்கடைப் பக்கம் மாற்று நிலத்தில் இரட்டைக் கோயிலாக எழுந்தது. இடம்பெயர்ந்தவர்களின் கதையை அந்தத் தூண் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். புதிய கறுப்பர் நகரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பிய கம்பெனி, செலவை வரியாக வசூலிக்கப் பார்த்து முடியாமல் போனது. வசூலாகாத அந்த வரியின் பெயரில்தான் வால்டாக்ஸ் ரோடு. சுவரின் மிச்சத்தைப் பழைய சிறைச்சாலைச் சாலையில் மாடிப்பூங்காவுக்கு அடியில் காணலாம்.

நீதிமன்ற வளாகத்துக்குள் கருங்கல்லில் ஓங்கி நிற்கும் தூண், சென்னையின் இரண்டாவது கலங்கரை விளக்கம். முதல் விளக்கு 1796-இல் கோட்டைக்குள், இன்றைய அருங்காட்சியகக் கட்டடத்தின் உச்சியில் தேங்காய் எண்ணெயில் எரிந்தது. இந்தத் தூண் 1844-இல் ஏற்றப்பட்டது. 1894-இல் விளக்கு நீதிமன்றக் கோபுரத்துக்கே மாறியது. 1977-இல் மெரினாவுக்குப் போனது. வழக்குக்காக வருகிறவர்கள் தூணின் நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கிறார்கள். அதே வளாகத்தின் கிழக்குச் சுவரில், 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் குண்டு விழுந்ததைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்றும் உண்டு.

கடைசியாக ஒரு பலகை. ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று சின்ன எழுத்தில் இருக்கும். எந்தக் கடல் என்று குழந்தைகள் கேட்பதுண்டு. சென்னைக் கடல் என்று பதில் சொல்லிவிடுகிறோம். பாதிதான் சரி. 1858-இல் தொடங்கி அரை நூற்றாண்டு நடந்த மட்டக் கணக்கில், கராச்சி முதல் விசாகப்பட்டினம் தாண்டி ஒடிசாக் கரை வரை 9 இடங்களில் அலையின் ஏற்ற இறக்கத்தை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்து, அவை அனைத்தையும் சேர்த்தே நாட்டின் உயர அளவை 1909-இல் நிர்ணயித்தார்கள். அந்த ஒன்பதில் தமிழகக் கரையில் இருந்தவை இரண்டு: ஒன்று சென்னை, மற்றது நாகப்பட்டினம்.