கொள்ளைநோய்த் தடுப்பூசியும் மருத்துவர்களின் சாட்சியமும்

1801இல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு மாறிற்று. ஹைதர் அலியின் படைகள் ஜவ்வாது மலையோரமாகச் சமவெளிக்கு இறங்கி வந்த செங்கம் கணவாயும் அதனுள் அடங்கும். அடுத்த ஆண்டே ஜென்னரின் அம்மைப்பால் சென்னைக்கு வந்து சேர்ந்தது. புதிய ஆட்சியும் புதிய மருந்தும் ஒரே கையிலிருந்து வந்தமையால் மக்கள் இரண்டையும் ஒருசேர ஐயுற்றதில் வியப்பில்லை. அவ்வையத்தை நீக்கக் கையாளப்பட்ட வழியொன்றே வியப்பிற்குரியது. அம்மை குத்துதல் பண்டைய வடமொழி நூலிலேயே உள்ளதென 1819இல் ‘கல்வி விரும்பன்’ என்னும் புனைபெயரில் சென்னைப் பத்திரிகை ஒன்றில் கடிதம் வெளிவந்தது. அந்நூற்பகுதி புனைவென்றும், புனைந்தவர் சென்னை ஆட்சியராயிருந்த எல்லிஸ் என்றும் ஆய்வாளர் கருதுவர். நோக்கம் நன்றாயினும், பொய்யின் மேல் எழுப்பிய பரிந்துரையை நாம் ஏற்பதற்கில்லை.

இதற்கு நேர்மாறான சான்றைப் பம்பாயில் காண்கிறோம். 1894இல் ஹாங்காங்கைத் தாக்கிய பிளேக், கப்பல் வழியே உலகெங்கும் பரவி, 1896இல் பம்பாயை அடைந்தது. அங்கு அழைக்கப்பட்ட வால்டெமர் ஹாஃப்கின் ஒடெஸாவில் பிறந்த யூதர். பாரிஸின் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய நுண்ணுயிரியலாளர். மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். அரசு மருத்துவப் பணியிலிருந்த ஆங்கிலேயர் பலர் அவரை நம்பாமைக்கு இதுவும் ஒரு காரணம். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சில மாதங்களிலேயே தடுப்பூசியை உருவாக்கிய அவர், 1897 ஜனவரி 10ஆம் நாள் அதனைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அதன் பின்னரே பைகுல்லா சிறையில் முன்வந்த கைதிகளுக்குப் போடப்பட்டது. (சிறைப்பட்டவன் தரும் இசைவு எத்துணைச் சுதந்திரமானது என்பது வேறு கேள்வி. துருக்கியரிடமிருந்து கற்ற அம்மை குத்தும் முறையை 1721இல் ஆங்கிலேயர் சோதித்ததும் லண்டன் நியூகேட் சிறைக் கைதிகளிடமே.)

அரசோ வீடு புகுந்து சோதித்தும் நோயாளிகளைப் பிரித்தும் மக்களின் வெறுப்பைத் தேடிக்கொண்டது. 1897 ஜூனில் பூனாவில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அச்சூழலில்தான், அப்போது இருபது வயதளவினரான இஸ்மாயிலிகளின் இமாம் மூன்றாம் ஆகா கான், மக்கள் காண ஊசி போட்டுக்கொண்டார், ஒருமுறையன்று, பலமுறை. கோஜாக்கள் ஆயிரக்கணக்கில் அவரைப் பின்பற்றினர். நோய் கண்ட ஊருக்குள் நுழைவதையும் அங்கிருந்து வெளியேறுவதையும் தடுத்த நபி (ஸல்) அவர்களின் கட்டளையை அறிந்த சமூகத்திற்கு, முன்னெச்சரிக்கை இறைவிதிக்கு முரணன்று என்பது புதிய செய்தியன்று. யாரை நம்புவது என்பதே அவர்கள் முன் நின்ற கேள்வி.

மருத்துவர்களின் தயக்கம் முழுதும் பொறாமையால் விளைந்ததென்று கூறிவிடுதலும் நீதியாகாது. 1898இல் அமைந்த பிளேக் ஆணையம் ஊசியின் பயனை ஒப்பியது. மருந்தின் அளவை நிர்ணயித்த முறையைக் குறைகூறியது. 2021 ஜனவரியில் தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் உறைவிட மருத்துவர்கள், மூன்றாம் கட்டச் சோதனை முடிவுறாத கோவாக்சினுக்குப் பதிலாகக் கோவிஷீல்டு வேண்டுமென எழுதியதும் இவ்வகைத் தயக்கமே. சோதனையின் முடிவு அவ்வாண்டிலேயே வெளிவந்தது, திறன் 77.8 விழுக்காடு. முடிவு வருமுன் கேட்பது மருத்துவரின் கடமை. வந்தபின்னும் வாளாவிருப்பதையே நாம் குறையென்போம்.

அவ்வாறு வாளாவிருந்ததன் விலையை ஹாஃப்கின் கொடுத்தார். 1902 அக்டோபர் 30ஆம் நாள் பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் தசைவிறைப்பு ஜன்னியால் மாண்டனர். குப்பியைத் திறந்தபோது உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்ததும், அது முறையாகத் தூய்மை செய்யப்படாததும் விசாரணையில் தெரியவந்தன. ஆயினும் பழி பம்பாய் ஆய்வகத்தின் மேல் விழுந்தது. ஹாஃப்கின் இயக்குநர் பதவியை இழந்தார். 1907இல் ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட அறிவியலாளர் லண்டன் ‘டைம்ஸ்’ இதழில் அவருக்காக எழுதிய பின்னரே குற்றச்சாட்டு நீங்கியது. கல்கத்தாவில் அவருக்குப் பணி தந்தனர். பம்பாய் ஆய்வகத்தைத் திரும்பத் தரவில்லை. அவ்வாய்வகத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது 1925இல்.