ஆடுவோரும் காண்போரும்

பகல் ஷிப்டு முடிந்து கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை நோக்கிப் புறப்படும் மின்சார ரயிலில் ஒரு காட்சியைக் காணலாம். சிப்காட் தொழிற்பேட்டையில் எட்டு மணி நேரம் உழைத்துக் களைத்த இளைஞர் ஒருவர் கைப்பேசியை உற்று நோக்கியபடி அமர்ந்திருக்கிறார். திரையில் துப்பாக்கிச் சண்டை நடக்கிறது. ஆனால் அவருடைய விரல்கள் அசையவில்லை. ஆடுகிறவர் வேறு எங்கோ இருக்கும் வேறொருவர். இவர் பார்க்கிறார்; அவ்வளவே. "தானே ஆடினாலும் ஒரு பொருள் உண்டு, பிறர் ஆடுவதைப் பார்ப்பதில் என்ன சுவை இருக்கிறது?" என்று அருகிலிருக்கும் பெரியவர் கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு விடை காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. அந்த ரயில் ஓடும் திருவள்ளூர் மாவட்டத்தின் சிற்றூர்களிலேயே விடையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடைபெறும்போது, பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நிகழ்வது வழக்கம். கூத்துக்களில் பெயர் பெற்றது சூது துகிலுரிதல். அங்கே ஆடுகிறவர்கள் தருமரும் சகுனியும். தருமர் தோற்பார் என்பது பாயில் உறக்கம் கலைந்து எழுந்த சிறுவனுக்கும் தெரியும். தெரிந்தும், "இம்முறையேனும் ஆட்டத்தை நிறுத்த மாட்டாரா" என்று ஊரே நெஞ்சம் பதைக்கப் பார்த்திருக்கும். ஆடுகிறவன் அறியாததைக் காண்கிறவன் அறிந்திருப்பது தனியொரு சுவை. அது ஆடுகிறவனுக்கு ஒருபோதும் கிட்டாது.

இதே சுவையை 2024 டிசம்பர் 12-ஆம் நாள் உலகமே நுகர்ந்தது. சிங்கப்பூரில் நடந்த உலகச் சதுரங்கப் போட்டியின் பதினான்காம் ஆட்டத்தில் சீனத்து டிங் லிரென் தம் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். இணையத்தில் பார்த்திருந்தோருக்குக் கணிப்பொறி அந்தப் பிழையை அக்கணமே காட்டிவிட்டது. எதிரே அமர்ந்திருந்த சென்னை இளைஞர் குகேஷ் அதை உணரச் சில நொடிகள் ஆயின. அந்தச் சில நொடிகளில் வீடுகளிலும் விடுதிகளிலும் எழுந்த ஆரவாரம், கூத்துக் களத்தில் எழும் ஆரவாரத்துக்கு உறவு. பதினெட்டு வயதில் குகேஷ் உலக வீரரானார்.

இனிக் கட்டியங்காரனை எண்ணிப் பாருங்கள். கூத்தில் அரசன் பாடுவான். கட்டியங்காரன் அதற்குப் பொருள் சொல்வான், கேலி செய்வான், ஊர்ச் செய்தியை இடையே நுழைப்பான். அன்பளிப்பாகப் பணம் தந்தவரின் பெயரை அவை அறியச் சொல்லும் வழக்கமும் கூத்தில் உண்டு. இன்று இணையத்தில் ஆடிக் காட்டுகிறவர் அரசனும் கட்டியங்காரனும் தாமே ஆகிறார். ஆடிக்கொண்டே பேசுகிறார், தம் தோல்வியைத் தாமே நகைக்கிறார், பார்ப்போர் எழுதியனுப்பும் சொற்களுக்கு மறுமொழி கூறுகிறார். 2017-இல் யூடியூப் நிறுவனம், பார்ப்போர் பணம் செலுத்தித் தம் செய்தியை முன்னிறுத்தும் வசதியை ஏற்படுத்தியபோது, கூத்துக் களத்தின் பழைய அன்பளிப்பு முறையே புதுக்கோலம் பூண்டது எனலாம்.

விளையாட்டுப் பொறிகளின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. 1978-இல் ஜப்பானில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' தோன்றிய பின் காசு போட்டு ஆடும் பொறிகள் உலகெங்கும் பரவின. ஆடுகிறவர் ஒருவராக இருந்தால், அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்போர் பலராக இருந்தனர். காசில்லாதவன் அங்கே பார்த்துத்தான் கற்றான். நல்ல கணிப்பொறியின் விலை எட்டாத நம் இளைஞர்களுக்கு இன்றும் அந்தத் தோள்தான் இணையம்.

பார்ப்பதையே ஒரு பெருந்தொழிலாக முதலில் வளர்த்தது தென் கொரியா. 1998-இல் வெளிவந்த 'ஸ்டார்கிராஃப்ட்' என்னும் போர் விளையாட்டு அந்நாட்டு இளைஞர்களைக் கவர்ந்தது. 2000-ஆம் ஆண்டில் விளையாட்டுகளை ஒளிபரப்புவதற்கென்றே ஒரு தொலைக்காட்சி அலைவரிசை அங்கே தொடங்கப்பெற்றது. 2004-இல் பூசான் நகரக் கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடினர் என்பர். அமெரிக்காவில் 2011-இல் தோன்றிய டுவிட்ச் என்னும் தளம் யார் வேண்டுமானாலும் தம் ஆட்டத்தை உலகுக்குக் காட்டலாம் என்ற நிலையை உண்டாக்கியது. மூன்றே ஆண்டுகளில் அமேசான் நிறுவனம் அதனை ஏறத்தாழ 97 கோடி டாலருக்கு வாங்கியது. நம் நாட்டிலோ 2016-க்குப் பின் இணையக் கட்டணம் பெரிதும் குறைந்தது. 2020-இல் ஊரடங்கு வந்தது. தனித்திருந்தோர் துணை தேடினர்; அத்துணை திரையில் கிடைத்தது.

துணை என்ற சொல்லை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. வேறு ஊரிலிருந்து பிழைப்புக்காக வந்து தொழிற்பேட்டையருகே ஒற்றை அறையில் தங்கியிருக்கும் இளைஞனுக்கு, நாள்தோறும் அதே நேரத்தில், அதே குரலில், தன் மொழியில் பேசும் ஒருவர் ஏறக்குறைய ஒரு நண்பரே ஆகிவிடுகிறார். ஆட்டம் அதற்கு ஒரு சாக்கு மட்டுமே.

ஆகவே பெரியவரின் கேள்விக்கு இவ்வாறு விடை கூறலாம்: திறமையைக் கற்பதும், முடிவை எதிர்நோக்குவதும், துணை பெறுவதும் ஆகிய மூன்றும் காண்போர்க்கு உரிய பழைய இன்பங்கள். இளைஞர்களை இதற்காக இகழ்வது பொருந்தாது.

ஆயினும் இரண்டு வேறுபாடுகளை மாணவர்கள் மறக்கலாகாது. முதலாவது, சூது துகிலுரிதலைக் கண்டு வீடு திரும்பியவன் சூதை வெறுத்துத் திரும்பினான். பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களோ, காண்பவனையே பலகைக்கு இழுத்துச் சகுனியின் எதிரில் அமர்த்தின. உயிரிழப்புகள் வரை சென்ற அத்தீமையைத் தடுக்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022-இல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண ஆட்டங்களைத் தடை செய்தும், திறன்சார்ந்த மின்விளையாட்டுப் போட்டிகளைத் தனியே பிரித்து ஏற்றும் சட்டம் இயற்றியது. பார்ப்பதற்கும் பந்தயம் வைப்பதற்கும் இடையே உள்ள கோடு இது.

இரண்டாவது வேறுபாடு இன்னும் நுட்பமானது. கூத்துக்கு விடியல் உண்டு. கிழக்கு வெளுத்ததும் வேடம் கலையும். ஊரார் பாயைச் சுருட்டிக்கொண்டு, தருமரைக் குறைகூறியவாறே ஒன்றாக வீடு திரும்புவர். கைப்பேசித் திரைக்கு விடியல் இல்லை. ஓர் ஆட்டம் முடியுமுன் அடுத்தது காத்து நிற்கிறது. காலை ஆறு மணி ஷிப்டுக்கு எந்திரத்தின் முன் நிற்க வேண்டிய இளைஞன் இரவு இரண்டு மணிக்கும் விழித்திருந்தால், அதன் விலையை அவன் கைவிரல்கள் கொடுக்க நேரலாம்.

பழைய கூத்தில் விடியலைச் சூரியன் கொண்டுவந்தான். புதிய கூத்தில் அதனைக் காண்பவனே கொண்டுவருதல் வேண்டும்.