குதிரை விலைக்குப் போன வில் மரம்

வில் மரங்களில் அதிகம் பேசப்படுவது ஐரோப்பாவின் யூ மரம். இங்கிலாந்துப் படைகளின் ஆளுயர நீள்வில் இந்த மரத்தில்தான் செய்யப்பட்டது. 1545-ல் மூழ்கிய 'மேரி ரோஸ்' போர்க்கப்பலை 1982-ல் கடலிலிருந்து தூக்கினார்கள். அந்தக் கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர விற்கள் கிடைத்தன. இங்கிலாந்தில் இந்த மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் 1472-லேயே ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து சரக்கு கொண்டுவரும் கப்பல்கள் டன்னுக்கு நான்கு வில் கட்டைகள் வீதம் கொண்டுவர வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் யூவுக்கு ஈடான இன்னொரு வில் மரம் இருந்தது. வெளியுலகம் அதிகம் அறியாத அந்த மரத்தின் பெயர் ஓசேஜ் ஆரஞ்சு.

பெயரில் மட்டும் ஆரஞ்சு

இதற்கும் ஆரஞ்சுக்கும் உறவு இல்லை. ஆல், அத்தி, பலா, முசுக்கொட்டை ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது இது. கிளையை ஒடித்தால் பால் வடியும். கிளைகளில் கூரிய முட்கள் இருக்கும். பச்சை நிறத்தில், சுருக்கம் விழுந்த பந்து போன்ற பழம். மனிதர்கள் அதை உண்பதில்லை.

இம்மரத்தின் இயற்கையான வாழிடம் மிகச் சிறியது. இன்றைய டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா மாநிலங்கள் சந்திக்கும் ரெட் நதிப் பள்ளத்தாக்கும் அதன் சுற்றுப்புறமும்தான். கேடோ மக்கள் வாழ்ந்த பூமி இது. வடக்கே மிசௌரிப் பகுதியில் வலிமையுடன் இருந்த ஓசேஜ் மக்கள் இந்த மரத்தையும் விற்களையும் பயன்படுத்தினர். அதனால் அவர்கள் பெயரே மரத்துக்கு வந்தது. பிரெஞ்சு வணிகர்கள் இதற்கு 'வில் மரம்' என்று பொருள்படும் 'புவா தார்க்' என்ற பெயரை வைத்தார்கள். டெக்சாஸில் உள்ள பான்ஹாம் நகரம் தொடக்கத்தில் இந்தப் பெயரில்தான் இருந்தது.

1804-ல் மெரிவெதர் லூயிஸ் தமது புகழ்பெற்ற பயணத்தைத் தொடங்கும் முன், செயிண்ட் லூயிஸில் இருந்த வணிகர் பியர் ஷூட்டோவின் தோட்டத்திலிருந்து இம்மரத்தின் துண்டுகளை ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு அனுப்பினார். வில் செய்வதற்காக இந்த மரத்தைத் தேடிப் பழங்குடியினர் பல நூறு மைல்கள் பயணம் செய்கிறார்கள் என்றும் எழுதினார்.

1811-ல் மிசௌரி ஆற்றில் பயணம் செய்த தாவரவியலாளர் ஜான் பிராட்பரி ஒரு விலையைக் குறித்து வைத்திருக்கிறார். அரிகாரா மக்களிடையே இம்மரத்தில் செய்த ஒரு வில்லின் விலை, ஒரு குதிரையும் ஒரு கம்பளியும். அரிகாரா கிராமங்கள் இன்றைய தெற்கு டகோட்டாவில் இருந்தன. மரம் வளரும் இடத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். குதிரைதான் செல்வம் என்றிருந்த சமவெளியில் இந்த விலை சாதாரணமானதல்ல.

ஏன் இந்த மதிப்பு?

வில்லை வளைக்கும்போது அதன் முதுகு, அதாவது எய்பவருக்கு அப்பால் உள்ள பக்கம், இழுபடுகிறது. எய்பவரை நோக்கிய வயிற்றுப் பக்கம் அமுக்கப்படுகிறது. யூ மரத்தில் வெளிப்புற வெள்ளைப் பகுதி இழுவிசையையும் உள்ளே உள்ள வைரம் அமுக்கத்தையும் தாங்கும். அதனால் இரண்டும் சேர்ந்த கட்டை தேவை. ஓசேஜ் மரத்தில் வைரம் ஒன்றே இரண்டு வேலையையும் செய்துவிடும். குதிரை மேலிருந்து எய்யும் குட்டை வில் அதிகமாக வளைய வேண்டும். அதற்கு இம்மரம் பொருத்தமாக இருந்தது. எளிதில் உளுத்துப் போகாது என்பது இன்னொரு சிறப்பு.

ஆனால் வேலை கடினம். மரத்தை ஆப்பு வைத்து நீளவாக்கில் பிளக்க வேண்டும். வெடிக்காமல் இருக்க முனைகளைப் பூசி மூடி, பொறுமையாக உலர்த்த வேண்டும். பிறகு பட்டையையும் வெள்ளைப் பகுதியையும் நீக்கினால் பொன் மஞ்சள் நிற வைரம் தெரியும். அங்கே ஓர் ஆண்டு வளையத்தைத் தேர்ந்தெடுத்து, வில்லின் முதுகு முழுவதும் அந்த ஒரே வளையம் வரும்படி சுரண்ட வேண்டும். ஓரிடத்தில் கத்தி வளையத்தை வெட்டிவிட்டால், வில் வளையும்போது அங்கிருந்து சிலாம்பு கிளம்பி உடையக்கூடும். கணுக்கள் இருந்தால் அவற்றை மேடாகவே விட்டு, வளையத்தின் போக்கிலேயே செல்வார்கள்.

கடைசி வேலை வயிற்றுப் பக்கத்தைச் சீவுவது. சிறிது சீவி, சிறிது வளைத்துப் பார்த்து, இரு கைகளும் ஒரே சீராக வளையும் வரை இது தொடரும். சமவெளி மக்கள் பலர் வில்லின் முதுகில் விலங்குகளின் தசைநாரைப் பசையால் ஒட்டி மேலும் வலுவேற்றினார்கள்.

வில்லில் இருந்து வேலிக்கு

குடியேறிய வெள்ளையர்களுக்கு இந்த மரம் வேறு வகையில் பயன்பட்டது. புல்வெளிகளில் வேலி போட மரம் கிடைக்காத நிலையில், 1840-களில் இல்லினாய் மாநிலப் பேராசிரியர் ஜொனாதன் பால்ட்வின் டர்னர் இதை உயிர்வேலியாக நடும்படி பிரச்சாரம் செய்தார். குதிரை தாண்டாது, காளை முட்டித் தள்ளாது, பன்றியும் நுழையாது என்று இந்த வேலி பேர் வாங்கியது. 1874-ல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றபின் உயிர்வேலியின் காலம் முடிந்தது. அப்போதும் முள்கம்பியைத் தாங்கும் கம்பங்களாக இதே மரம் நின்றது. இப்படிச் சிறு பள்ளத்தாக்கு மரம் அமெரிக்காவின் பெரும்பகுதிக்குப் பரவியது.

அதே காலத்தில் அதை வில்லாக்கிய மக்களின் நிலம் சுருங்கியது. ஓசேஜ் மக்கள் 1808 ஒப்பந்தத்தில் மிசௌரி, ஆர்கன்சா நிலங்களில் பெரும்பகுதியை இழந்தனர். 1825-ல் கன்சாஸுக்கும், 1870-களில் ஓக்லஹோமாவுக்கும் தள்ளப்பட்டனர். கேடோ மக்கள் 1835-ல் லூசியானா நிலத்தை இழந்தனர். டெக்சாஸில் தங்கியவர்களும் 1859-ல் வெளியேற்றப்பட்டு ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டனர். மரம் வேலியாக நடப்பட்ட நிலங்களில் பல, இப்படிப் பழங்குடிகளிடமிருந்து வாங்கப்பட்டவையே.

இன்றும் அமெரிக்காவில் மர வில் செய்பவர்கள் ஓசேஜ் கட்டையை விரும்பித் தேடுகிறார்கள். பழைய பண்ணை வேலிகளில் நிற்கும் மரங்களிலிருந்தும் அவர்களுக்குக் கட்டைகள் கிடைக்கின்றன. ஒரு மரத்தை எந்த வளையம் வரை செதுக்கலாம் என்று முதலில் கண்டறிந்தவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. ஓசேஜ் என்ற மக்களின் பெயர் மட்டும் மரத்தோடு நிற்கிறது.