சினைப்பை நீர்க்கட்டி நோயும் உடற்பயிற்சியும்

சினைப்பை நீர்க்கட்டி நோய் (பி.சி.ஓ.எஸ்.) என்பது மகப்பேற்று வயதிலுள்ள பெண்களிடம் காணப்படும் இயக்குநீர்க் கோளாறுகளின் தொகுப்பு ஆகும். 1935 ஆம் ஆண்டில் சிகாகோ மருத்துவர்களான ஸ்டைன், லெவெந்தால் இருவரும் இதனை விவரித்தமையால், ஸ்டைன்-லெவெந்தால் கூட்டறிகுறி எனவும் வழங்கப்பட்டது. பெயரில் கட்டி இருப்பினும், மீயொலிப் படத்தில் காணப்படுபவை முதிராது நின்றுவிட்ட சினை நுண்ணறைகளே. மாதவிடாய் ஒழுங்கின்மை, முகத்தில் மிகை முடி, கருத்தரிப்பதில் தடை ஆகியன பலரும் அறிந்த அறிகுறிகள். குருதிக்குழாய்களில் நேரும் பாதிப்பு வெளியே தெரிவதில்லை.

குருதிக்குழாய்களின் நிலை

குருதிக்குழாயின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய உயிரணுப் படலம் அகவணி எனப்படும். இது நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுக் குழாயை விரியச் செய்கிறது. (நைட்ரிக் ஆக்சைடின் இப்பணியைக் கண்டறிந்தமைக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகியோர் 1998 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றனர்.) இன்சுலினும் இவ்வெளியீட்டைத் தூண்டும். இந்நோயுள்ள பெண்கள் பலருக்கு இன்சுலின் எதிர்ப்பு இருப்பதால் அத்தூண்டல் தளர்கிறது. குழாயின் விரியும் திறன் குறைகிறது. உடல் பருமன் இல்லாத இளம்பெண்களிடமும் இக்குறை காணப்பட்டுள்ளது.

இதனை அளவிட, முன்கையில் காற்றுப்பட்டையை ஐந்து நிமிடம் இறுக்கிப் பின் தளர்த்துவர். அப்போது பாய்ந்து வரும் குருதியால் மேற்கைத் தமனி எத்தனை விழுக்காடு விரிகிறது என்பது மீயொலிக் கருவியால் கணக்கிடப்படும். அகவணியின் நலத்தைக் காட்டும் அடையாளமே இது. மாரடைப்பு வருமா என்பதை இச்சோதனை மட்டும் கூறிவிடாது.

உடற்பயிற்சியின் விளைவு

விரைந்து நடக்கும்போது குருதியோட்டம் மிகுந்து அகவணியின் மேல் உராய்கிறது. இவ்வுராய்வே நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தூண்டுகிறது. தவிர, வேலை செய்யும் தசை இன்சுலினின் துணையின்றியே குருதிச் சர்க்கரையை உள்ளிழுக்கும்.

இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2013 இல் வெளியிட்ட சிறியதோர் ஆய்வில், 16 வாரப் பயிற்சிக்குப் பின் இந்நோயுள்ள பெண்களின் தமனி விரிவு மேம்பட்டது. அவர்களது உடற்கொழுப்போ குறையவில்லை. எடை குறையாததைக் கண்டு பயிற்சியைக் கைவிடுவோர் பலர் ஆதலால், இம்முடிவு கவனிக்கத்தக்கது.

2023 ஆம் ஆண்டுப் பன்னாட்டு வழிகாட்டி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சி அல்லது 75 முதல் 150 நிமிடம் வரை கடும் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. அடுத்தடுத்து வராத இரு நாட்களில் தசை வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். பயிற்சியை நிறுத்தினால், பெற்ற பயன் சில வாரங்களில் தேயத் தொடங்கும்.